வியாழக்கிழமை மாலைகளை நிறுத்த வேண்டாம்

அட்லாண்டாவில் அண்ணன் வீட்டில் தங்கி மேற்படிப்புப் படிக்கும் 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணி அமெரிக்கக் கறுப்பினப் பெண். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மூத்த பையனுக்கு நான்கு வயது, கைக்குழந்தைக்கு ஏழு மாதம். உடன்பிறந்தவர்களில் மூத்தவர் என்பதால், பக்கவாதம் வந்த தாயைக் கவனிப்பதும் அவர் பொறுப்புதான். “எங்கள் குடும்பத்தின் இரும்புப் பெண்மணி” என்று அவரை வர்ணிக்கிறார் வாசகி.

அந்த அண்ணி இப்போது பள்ளியிலிருந்து திரும்பியதும் காரை விட்டு இறங்காமல், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அரை மணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார். தலைவலி, முதுகுவலி என்கிறார். குழந்தை தூங்கினாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நாளை ஒதுக்கித் தலைமுடியை அலசி, எண்ணெய் தடவி, சிக்கெடுத்துப் பின்னிக்கொள்கிறவர், இரண்டு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தலையில் கட்டிய சாட்டின் துணி அவிழ்வதில்லை.

வியாழக்கிழமை மாலை மட்டும் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்துக்குப் போகிறார். பத்துப் பன்னிரண்டு கறுப்பினப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. கண் வீங்கித் திரும்புகிறார்; ஆனால் அன்றிரவு தூங்குகிறார். அண்ணனுக்கு இதில் விருப்பமில்லை. “வீட்டு விஷயத்தை வெளியே கொட்டுவதா? நாலு பேர் துக்கத்தைக் கேட்டால் இவள் துக்கம் இரண்டு மடங்காகத்தானே ஆகும்?” என்கிறார். மருத்துவரிடம் போனால் குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டு போய்விடும் என்றும் பயப்படுகிறார். வேலைக்குப் போய்ச் சிரித்துப் பேசுகிறவருக்கு மனச்சோர்வு இருக்க முடியுமா, அந்தக் கூட்டத்தை நிறுத்தச் சொல்ல வேண்டுமா, பால் கொடுக்கும் தாய் மாத்திரை சாப்பிடலாமா என்பவை வாசகியின் கேள்விகள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: “காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நாள் சொன்னார். அசதியில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அது அசதியில் வந்த பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கேட்காமல் முடிவுசெய்யக் கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே, குழந்தைகள் தூங்கிய பிறகு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “அன்று நீங்கள் சொன்னது என் மனத்தை விட்டுப் போகவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?” இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. என் அனுபவத்தில், கேட்டதும் பெரும்பாலானவர்களின் தோள்கள் தளர்கின்றன. ஒருவராவது கேட்டார்களே என்ற நிம்மதி அது. வருகிறது என்று அவர் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை நீங்களோ அவரோ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். போலீஸ் வந்துவிடுமோ என்று கறுப்பினக் குடும்பங்கள் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பேச்சிலேயே முடிகின்றன. கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் தனி எண் உண்டு: 1-833-852-6262. அதுவும் 24 மணி நேரமும் இயங்குகிறது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதை வீட்டை விட்டு வெளியே, நம்பிக்கையான வேறோர் இடத்தில் வைக்கும்படி அண்ணனிடம் சொல்லுங்கள். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பேசினாலோ, தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருந்தாலோ காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். வேலைக்குப் போகிறவருக்கு, சிரிக்கிறவருக்கு மனச்சோர்வு வருமா? வரும். மனச்சோர்வு என்றால் மூலையில் முடங்கி அழுதுகொண்டிருப்பது என்ற படம் நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. நான் படித்த பாடப்புத்தகங்களிலும் ஏறக்குறைய அதே படம்தான். உங்கள் அண்ணியிடம் தெரிவது எரிச்சல், உடல்வலி, விடியற்காலை விழிப்பு, தன்னையே குறைசொல்லிக்கொள்வது. கறுப்பினப் பெண்களிடம் மனச்சோர்வு இந்த வேடத்தில் வருவது மிகவும் சாதாரணம். அதனாலேயே மருத்துவர்களும் தவறவிடுகிறார்கள். நானும் தவறவிட்டிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் நான் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இருந்தேன். பஸ் ஓட்டுநராக வேலை செய்த கறுப்பினப் பெண் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தலைவலி என்று வந்தார். கேட்ட கேள்விகளுக்கு வெடுக்கென்று பதில் சொன்னார். “கோபமாக இருக்கிறார், ஒத்துழைக்கவில்லை” என்று குறிப்பெழுதிவிட்டு எழுந்தேன். அங்கிருந்த மூத்த செவிலியர், அவரும் கறுப்பினப் பெண்தான், அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, “கோபம் என்று எழுதியிருக்கிறீர்களே, எதன் மேல் என்று கேட்டீர்களா?” என்றார். திரும்பிப் போய்க் கேட்டேன். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவர், மகன் இறந்து பதினொரு மாதம் ஆகிறது என்றார். அதற்குள் நாங்கள் மூன்று டாக்டர்கள் அவரைப் பார்த்திருந்தோம். அந்தக் குறிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“இரும்புப் பெண்மணி” என்று பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஜார்ஜியாவின் பருத்திக் காடுகளில் அடிமைகளாக இருந்த பெண்கள், நிறைமாதத்திலும் வேலை செய்யவைக்கப்பட்டார்கள். பெற்ற பிள்ளை விற்கப்பட்ட மறுநாளும் வயலுக்குப் போனார்கள். அவர்களுக்கு வலிக்காது என்று நம்புவது எஜமானர்களுக்கு வசதியாக இருந்தது. உடைந்துபோகாமல் இருப்பதே உயிர் பிழைக்கும் வழி என்று தாய்மார்கள் மகள்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2010-இல் செரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே என்ற செவிலியர் ஆய்வாளர் 48 கறுப்பினப் பெண்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார். எப்போதும் வலிமையாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜெயிக்க வேண்டும், தன்னைக் கவனிக்கும் முன் பிறரைக் கவனிக்க வேண்டும் என்ற ஐந்து கட்டாயங்கள் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன. இவற்றால் குடும்பமும் சமூகமும் தாக்குப்பிடித்தன என்பதை அந்தப் பெண்களே சொன்னார்கள். தூக்கமும் உடல்நலமும் போயின என்பதையும் அவர்களே சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் அண்ணியைப் பற்றி நீங்கள் புகழ்ந்திருக்கும் வரிகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருக்கின்றன.

அந்தக் கீழ்த்தளக் கூடத்தில் என்ன நடக்கிறது?

அண்ணன் நினைப்பதுபோல் அது ஊர்வம்பு இல்லை. புதிதாக வந்த பழக்கமும் இல்லை. அதன் வேர் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1983-இல் பில்லி ஏவரி என்ற பெண்மணி அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு மாநாடு கூட்டினார். ஏறக்குறைய 2000 பெண்கள் வந்தார்கள். “கறுப்பாகவும் பெண்ணாகவும் இருப்பது: உண்மை என்ன?” என்ற தலைப்பில் லில்லி ஆலன் நடத்திய அமர்வில் பெண்கள் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பேச வந்த இடத்தில் அடி, வன்முறை, தனிமை, மனச்சோர்வு எல்லாம் வெளியே வந்தன. அதிலிருந்துதான் பல ஊர்களில் பெண்கள் வட்டமாக உட்காரும் சுயஉதவிக் குழுக்கள் கிளைத்தன. எழுத்தாளரும் பேராசிரியையுமான பெல் ஹூக்ஸ் தம் மாணவிகளுடன் தொடங்கிய குழுவுக்கு ஒரு கிழங்கின் பெயரை வைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கண்டம் தாண்டி வந்த மக்கள் பழைய ஊரில் உண்ட வள்ளிக்கிழங்கு வகை அது.

துக்கத்தைக் கேட்டால் துக்கம் பெருகாதா என்ற அண்ணனின் கேள்வி நியாயமானது. வெறுமனே புலம்பிப் புலம்பி ஒரே இடத்தில் சுற்றினால் பெருகத்தான் செய்யும். ஆனால் இன்னொருத்தி தன் வாழ்க்கையைச் சொல்லும்போது, “காரிலிருந்து இறங்க முடியவில்லை” என்ற உங்கள் அண்ணியின் வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தன்னிடம் ஏதோ கோளாறு, தான் கெட்ட தாய் என்று இருட்டில் வைத்திருந்த ஒன்றுக்கு அப்போது ஒரு பெயர் கிடைக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அதே நிலையில் இருந்தவள் இன்று எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறாள். இதிலிருந்து மீளலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியத்தை என்னால் மருத்துவமனையில் காட்ட முடியாது. கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மெரி நானா-அமா டான்குவா தன் மனச்சோர்வைப் பற்றி 1998-இல் புத்தகம் எழுதினார். மிஷெல் ஒபாமா தனக்கு லேசான மனச்சோர்வு இருப்பதாக 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார். இப்படிச் சொன்னவர்கள்தான் அடுத்தவர்களுக்கு வாயைத் திறக்கும் துணிச்சலைக் கொடுத்தார்கள்.

ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களைச் சுகாதார நிலையங்களின் வெளியே மரபெஞ்சுகளில் உட்காரவைத்தார். அங்கே ஷோனா மொழியில் இந்த நோயைக் ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். ‘ஒரே யோசனையாக இருக்கிறது டாக்டர்’ என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்வதேதான். 24 நிலையங்களில் 573 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பிறகு வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டிமார்களிடம் பேசியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேரிடம் மட்டுமே இருந்தன. பெஞ்சில் பேசி முடித்தவர்கள் பிறகு குழுவாகக் கூடிக் கைவேலை செய்துகொண்டே தங்கள் கதைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பாட்டிமார்கள் முறையான பயிற்சி பெற்றவர்கள். ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு ஒரு வழியைத் தேடிச் செய்துபார்க்க வைப்பது அவர்கள் வேலை. தீவிரமான நிலையில் இருப்பவர்களை மருத்துவரிடம் அனுப்புவதும் அதில் அடக்கம்.

ஆகவே வியாழக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும். கூட்டம் நல்லதா என்று தெரிந்துகொள்ள அண்ணியிடம் இரண்டு மூன்று விஷயங்கள் கேட்டால் போதும். வழிநடத்த ஒருவர் இருக்கிறாரா, அங்கே பேசுவது வெளியே போகாது என்ற விதி உண்டா, யாராவது உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால் என்ன செய்கிறார்கள்? “ஜெபம் போதும், மாத்திரை விசுவாசக் குறைவு” என்று சொல்லும் இடமாக இருந்தால் மட்டும் வேறு குழு தேடச் சொல்லுங்கள். பிரார்த்தனையையும் மாத்திரையையும் ஒன்றாக மதிக்கும் போதகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மற்றபடி, அங்கே யார் என்ன பேசினார்கள் என்று நீங்களோ அண்ணனோ துருவ வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

அண்ணி தயங்கினால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பக்கத்து மாநிலமான அலபாமாவில், டஸ்கிகீயில், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு, மருந்து இருந்தும் கொடுக்காமல் 1932 முதல் 1972 வரை அரசாங்கமே வேடிக்கை பார்த்தது. கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன், வலி குறைவு என்பதுபோன்ற மூடநம்பிக்கைகள் மருத்துவ மாணவர்களிடமே இருப்பதை 2016-இல் வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. நம்பிக்கையை டாக்டர்கள்தான் சம்பாதிக்க வேண்டும்.

பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ முதலில் போகலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாளைக் கொடுப்பார்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் இவை இரண்டுமே மனச்சோர்வுபோல் வேடம் போடும். மாத்திரை பற்றி: செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது அதைத்தான். அடிமைப்படுத்தும் மருந்து இல்லை. பலன் தெரிய சில வாரங்கள் பிடிக்கும். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. தூக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த உற்சாகத்தோடு ஓடிய நாட்கள் முன்பு எப்போதாவது இருந்தனவா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்படியிருந்தால் மருந்தே வேறு.

கறுப்பினப் பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்று அவர் கேட்டால் அது அவர் உரிமை. 2015 கணக்கில் அமெரிக்க உளவியலாளர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேர்தான் கறுப்பினத்தவர், அதனால் தேடல் கொஞ்சம் நீளும். ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’ என்ற அமைப்பை 2014-இல் தொடங்கிய உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் அட்லாண்டாக்காரர்தான். அதன் பட்டியலில் ஊர்வாரியாகத் தேடலாம். பணம் தடையாக இருந்தால் ‘லவ்லேண்ட் ஃபவுண்டேஷன்’ கறுப்பினப் பெண்களின் ஆலோசனைக் கட்டணத்துக்கு உதவுகிறது.

குழந்தைகளையும் வேலையையும் பற்றிய பயம்

அண்ணனின் பயம் வெறும் கற்பனை இல்லை. கறுப்பினக் குடும்பங்களிலிருந்து குழந்தைகளைப் பிரித்த கதைகள் அந்த நாட்டில் ஏராளம். ஆனால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவது மட்டுமே குழந்தைகளை எடுத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. குழந்தைக்குக் கொடுமையோ ஆபத்தோ இருப்பதாகத் தெரிந்தால்தான் மருத்துவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சிகிச்சை விவரங்களைப் பள்ளிக்கோ, கணவருக்கோகூட, அண்ணியின் சம்மதமின்றி மருத்துவர் சொல்லக் கூடாது என்பதே பொதுவிதி. விடுப்பைப் பொறுத்தவரை, 1993-ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 12 வாரம் சம்பளமில்லாத விடுப்பு உண்டு. மனநோய்க்கும் அது பொருந்தும். பிரசவத்துக்கே சில வாரங்கள் போயிருக்கும். மிச்சம் எத்தனை என்று பள்ளி நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். மொத்தமாக எடுக்காமல், சிகிச்சைக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் துண்டு துண்டாகவும் எடுக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. திருமணமான முதல் இரண்டு ஆண்டுகள் உங்கள் அம்மா கல்யாணப் படத்தை உறவினர் யாருக்கும் காட்டவில்லை என்கிறீர்கள். குழந்தை பிறந்ததும் வீடியோவில் முதலில் கேட்டது, “என்ன நிறம்?” என்பது. தமிழ் தெரியாது, அண்ணிக்குப் புரிந்திருக்காது என்கிறீர்கள். சகோதரி, அந்தக் கேள்வியை ஆயுள் முழுவதும் ஏதாவது ஒரு மொழியில் காதில் வாங்கியவர் அவர். முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். வெளியே பகல் முழுவதும் சுமப்பதை இறக்கிவைக்க வீடு ஒன்றுதான் இருக்கிறது. வீட்டிலும் அதே எடையை ஏற்றினால் அவர் காரை விட்டு எப்படி இறங்குவார்? மனச்சோர்வுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. பிரசவம், தூக்கமின்மை, தாயின் நோய் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் இதைச் சரிசெய்வது உங்கள் குடும்பத்தால் மட்டுமே முடியும். அண்ணன் அம்மாவிடம் பேச வேண்டும், கண்டிப்பாக. நீங்கள் அண்ணியிடம், “அப்போது நாங்கள் செய்தது தவறு” என்று காரணம் எதுவும் கூட்டாமல் சொல்லலாம். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணன் வியாழன் மாலை குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளட்டும். அண்ணியின் தங்கை, தம்பியிடம் பேசித் தாயைக் கவனிக்கும் முறையைப் பங்கிடச் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் முறை. குழந்தைகள் இருவரையும் மூன்று மணி நேரம் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். தலை அலசிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நேரத்தை மட்டும் அவருக்குக் கொடுங்கள். முதல் வாரம் அவர் தூங்கிவிடலாம், தூங்கட்டும். மருத்துவரைப் பார்த்து வந்தபின் எனக்கு எழுதுங்கள். எந்த மாத்திரை, என்ன அளவு என்பதையும், இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதையும் குறித்து அனுப்புங்கள்.